பரங்கிக்குப் பக்கத்தில் யார்?

செடி வளர்ப்பவர்கள் ஒரு ரகம். செடிக்கு அக்கம்பக்கம் பார்த்துக் குடிவைப்பவர்கள் இன்னொரு ரகம். நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது ரகத்தைப் பற்றி. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொட்டியில் விதையை ஊன்றினோம், தண்ணீர் ஊற்றினோம், போய்ப் படுத்தோம் என்கிற பழக்கமே இவர்களுக்குக் கிடையாது. ஒரு பரங்கி முளைத்துவிட்டால் போதும். ஐயோ, அது தனியாக நிற்கிறதே, பூச்சி வந்தால் விரட்ட யார், வேருக்குச் சத்துக் கொடுக்க யார், தேனீயைக் கூப்பிட்டுவர யார் என்று, பெண்ணைத் தூரதேசத்தில் கட்டிக்கொடுத்த தகப்பனைப் போலச் சோறு இறங்காமல் தவிப்பார்கள்.

நான் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். என் மகளின் புருஷன், பள்ளிக்கூட வாத்தியார். வாயாடிப் பையனுக்குப் பக்கத்தில் வாய் திறக்காத பையனை உட்காரவைத்தே காலத்தை ஓட்டுகிறவர். அந்தக் கை பால்கனிக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா?

முதலில் ஒரே ஒரு தொட்டி. அதில் ஒரு பரங்கி. நல்லது. அடுத்த தொட்டியில் சுக்கினி வந்தது. பரங்கிக்கு ஒன்றுவிட்ட தங்கையாம், கொடி ஓடாமல் குத்தாகவே நிற்குமாம். நிற்கட்டும். பூச்சியை விரட்டச் செண்டுமல்லி வந்தது. மண்ணுக்குச் சத்துச் சேர்க்க பீன்ஸ் வந்தது. பீன்ஸ் ஏறிப் படர மக்காச்சோளம் வந்தது. வண்டு அண்டாமலிருக்க முள்ளங்கி, தேனீயை அழைக்கச் சூரியகாந்தி. அந்தச் சூரியகாந்தி தனக்கும் ஒரு துணை கேட்டதாம். யாரிடம் கேட்டது? அவரிடம்தான். நம்மிடம் என்றைக்காவது ஒரு செடி வாயைத் திறந்திருக்கிறதா?

"அத்தே, அந்த உருளைக்கிழங்குக் கூடையைக் கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க. பரங்கிக்கும் உருளைக்கும் ஆகாது."

"அது சமையலறையில இருக்கு, மாப்பிள்ளை. நாளைக்குக் குழம்புல கிடக்கப் போகுது."

"முளை விட்டிருக்கு பாருங்க. எதுக்கு வம்பு?"

கூடை என் கட்டிலுக்கு அடியில் போயிற்று. எனக்கும் உருளைக்கும் ஆகுமா என்று யாரும் கேட்கவில்லை.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். எப்போதும் குனிந்தே பேசுவார்கள். நகக்கண்ணில் மண் இருக்கும். 'ஒத்துப்போகும்', 'ஒத்துக்காது', 'தள்ளி வை' என்பதற்குள் அவர்கள் பேச்செல்லாம் அடங்கிவிடும். அதோடு விட்டால் பரவாயில்லை. மனிதர்கள் சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தக் கை நீளும்.

"அத்தே, உங்க தம்பி பக்கத்துல உட்காராதீங்க. ரெண்டு பேரும் ஒரே சத்தை உறிஞ்சுவீங்க."

என் தம்பிக்கு அன்று சோறு இறங்கவில்லை. எனக்கு இறங்கியது.

சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். அந்தப் பால்கனியில் ஒரு பிரம்பு நாற்காலி இருந்ததை நான் இன்னும் சொல்லவில்லை.

என் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகலெல்லாம் நின்றபடி வேலை. சாயங்காலம் வந்து அந்த நாற்காலியில் விழுந்து, காலைத் தூக்கிக் கம்பிமேல் போட்டு, டீயைக் குடித்து முடிக்கும்வரை அவள் யாருக்கும் மனைவி இல்லை, மகளும் இல்லை. இந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த இடம் அவ்வளவுதான். பீன்ஸ் வந்தபோது நாற்காலி கொஞ்சம் நகர்ந்தது. மக்காச்சோளம் வந்தபோது சுவரோடு ஒட்டியது. சூரியகாந்தி வந்தபோது, இனி இடமில்லை என்று அவர் சொல்ல, மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது. அன்று அவள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து டீ குடித்தாள். மறுநாள் அடுப்படியில் நின்றுகொண்டே குடித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன்.

அது பரீட்சைத் தாள் திருத்துகிற வாரம். வாத்தியார் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவார். நாற்காலியை நானே தூக்கிவந்து பரங்கிக்கும் சுக்கினிக்கும் நடுவில் போட்டேன். இடமில்லை என்றாரே? முள்ளங்கியைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னேன், ஒதுங்கிக்கொண்டது. அந்த வாரம் முழுக்க என் மகள் உட்கார்ந்துதான் டீ குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பால்கனிக்குப் போனார்.

"இந்த நாற்காலிய யாரு இங்க போட்டது?"

"நான்தான்."

"இது எதுக்குமே துணை கிடையாது, அத்தே. எடுத்துடறேன்."

தூக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். பரங்கிக் கொடி சுருள்சுருளாக நூல் விட்டு நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. அங்கேயே ஒரு பூ. பூவுக்கு அடியில் கோலிக்குண்டளவு பிஞ்சு. நாற்காலியை இழுத்தால் கொடி அறும். கொடி அறுந்தால் பிஞ்சு போச்சு. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

வெகுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"நாற்காலியும் நல்ல துணைதான். கொடிக்குப் பிடிமானம். இருக்கட்டும். ஆனா யாரும் உட்காரக் கூடாது."

கதவருகே டீயோடு நின்ற என் மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"வெறும் நாற்காலி காத்துல சாய்ஞ்சா பிஞ்சு என்னாகும்?"

அவர் சுற்றுமுற்றும் தேடினார். "கனமா ஏதாவது வைக்கணும். செங்கல்?"

"செங்கல் வெயில்ல சுடுமே. கொடிக்கு ஒத்துக்குமா?"

"ஒத்துக்காது."

"நான்?"

நாற்றுக் கடையில் நாற்றைப் பார்ப்பதுபோல அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஒத்துப்போவே. ஆனா தினமும் உட்காரணும், நடுவுல விடக் கூடாது. காலை மேல தூக்கிப் போட்டுக்க, கீழ முள்ளங்கி இருக்கு."

மகாராணி மாதிரி உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் டீயை அவரே கொண்டுவந்து கொடுக்கிறார். அவள் எழுந்தால் கொடி அசையுமே!

நம் வீட்டில் ஒரே தொட்டிதான், நாம் இந்த ரகம் இல்லை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? இருக்கட்டும். ஆனால் உங்கள் நாக்கு நுனியில் இப்போது ஒரு கேள்வி நிற்கிறது, எனக்குத் தெரியும். அவளுக்குக் கால் வலி குறைந்ததா என்று கேட்கவா வருகிறீர்கள்? பிஞ்சு காயாச்சா என்றுதானே?

அப்படியானால் எழுந்து போய், உங்கள் வீட்டில் யாருடைய நாற்காலி எங்கே கிடக்கிறது என்று ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். அதன்மேல் தொட்டி இருந்தால் மெதுவாக இறக்கி வையுங்கள்.