நீல அறைக்கு ஓர் ஆள் குறைவு

மாமியார் வீட்டுக்கு வருவதைத் தடுக்க உலகத்தில் எத்தனையோ வழிகள் உண்டு. வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கலாம். வெளியூரில் வேலை என்று பையைத் தூக்கலாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம் என்று ஒரு வாளியைக் கொண்டுவந்து வாசலில் வைக்கலாம். கம்ப்யூட்டரை வைத்துத் தடுக்கலாம் என்று நினைத்த முதல் மனிதர் நானுஓயா சோலைமலைதான். கடைசி மனிதரும் அவராகத்தான் இருப்பார்.

சோலைமலைக்கு நுவரெலியாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் "எனர்ஜி மாடலர்" என்பார். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார். வேலை இதுதான். ஒரு ஓட்டலைக் கட்டுவதற்கு முன்னாலேயே அதைக் கம்ப்யூட்டருக்குள் கட்டிவிட வேண்டும். எந்தச் சுவரில் வெயில் விழும், எந்த இடுக்கில் காற்று நுழையும், எந்த அறை எவ்வளவு குளிரும், அதைச் சூடாக்க எவ்வளவு கரண்ட் போகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கரண்டை மிச்சம் பிடிக்கிற கட்டடங்களுக்கு அப்போதுதான் மவுசு வந்திருந்தது.

மனைவி நாகலெட்சுமி இவ்வளவு விளக்கமெல்லாம் கொடுக்கமாட்டாள். "கட்டாத வீட்டுக்கு கரண்ட் பில்லு போடுறாரு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சோலைமலை கணக்கில் கை வைக்கமாட்டார். ஒரு ஓட்டல் முதலாளி, "அறையைக் கொஞ்சம் சூடாகக் காட்டுங்கள்" என்று கேட்டதற்கு, "கம்ப்யூட்டருக்குப் பொய் தெரியாது, எனக்கும் தெரியாது" என்று முகத்துக்கு நேரே சொன்ன மனிதர். அந்தப் பெருமையைச் சாப்பிடும்போதுகூடச் சொல்லிக் காட்டுவார். அதுதான் பின்னால் அவர் கழுத்துக்கு வந்தது.

அது ஆடி மாதம். விடாத மழை, விடாத காற்று. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒற்றைக் காம்பராவில் தனியாக இருந்த மாமியார் பேச்சியம்மாவின் தகரக் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போய்த் தேயிலை மலையில் போட்டுவிட்டது. போனில் செய்தி கேட்ட நாகலெட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

"என்னாங்க, அம்மா தலைக்கு மேல ரப்பர் சீட்டு ஒன்னுதான் இருக்காம். தோட்டத்துல தகரம் குடுக்க தீபாவளி ஆயிருமாம். ஏற்கனவே இழுப்பு இருக்குற மனுசி. இந்த மழையத் தாங்குவாங்களா? இங்க கூட்டிட்டு வந்துருவோமுங்க."

"இங்கயா?"

"பின்ன, கொழும்புக்கா?"

போன தடவை பேச்சியம்மா வந்திருந்தபோது, பனியனோடு சோபாவில் சாயும் உரிமை போயிற்று. டீவியில் செய்தி போயிற்று. சோற்றைப் பிசைவதற்குக்கூட அந்தம்மாவிடம் ஒரு முறை இருந்தது. "மாப்புள்ள, அப்புடி இல்ல, விரல மடக்குங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதர் சோறு பிசையப் படித்தார்.

ஆனால் வேண்டாம் என்று நேராகச் சொல்ல முடியுமா? கூரை போன கிழவியை வேண்டாம் என்றால் ஊர் என்ன சொல்லும்? நாகலெட்சுமி என்ன செய்வாள்? இரண்டாவது கேள்விதான் அவருக்கு உதறல்.

"எனக்கு சந்தோசம்தான் லெட்சுமி. ஆனா பூண்டுலோயாவ விட நானுஓயா குளிரு கூடவா இல்லியா? சும்மா கெடக்குற பின்காம்பரா ஐஸ்பொட்டி. இழுப்பு இருக்குற மனுசிய ஐஸ்பொட்டியில போட்டு மூடச் சொல்லுறியா?"

"அவ்வளவு குளிரா?"

"வாயால சொன்னா நம்ப மாட்ட. கணக்கு போட்டுக் காட்டுறேன். கணக்கு ஆகும்னா அவங்க வரட்டும். ஆகாதுன்னா நானே பொறுப்பெடுத்து அங்கயே கூர போட்டுக் குடுக்குறேன்."

"கணக்கு என்னா சொன்னாலும் கேப்பீங்களா?"

"நான் என்னிக்கு கணக்க மீறி நடந்தேன்?"

நாகலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் வீடு வீடாக இல்லை. சோலைமலை நாடாவைப் பிடித்து அளந்தார். நாடாவின் மறுமுனையை நாகலெட்சுமி பிடித்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தார். கதவிடுக்கில் ஊதுபத்தியைக் கொளுத்தி, புகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். அறைக்கு ஒரு வெப்பமானி தொங்கவிட்டார். அடுப்பில் பருப்பு தீய்ந்தது. "கட்டுன வீட்டையும் அளக்க ஆரம்பிச்சிட்டாரு" என்று நாகலெட்சுமி புலம்பினாள். ஆனால் நாடாவை விடவில்லை.

தீர்ப்பு சொல்ல ஒரு சாட்சியும் வேண்டுமென்று அடுத்த வீட்டு ஜெயரத்தினம் மாஸ்டரைக் கூப்பிட்டார் சோலைமலை. யாழ்ப்பாணத்துக்காரர். கணக்கு வாத்தியார். மாலையில் செய்தி பார்க்க எப்படியும் வருகிறவர்.

லாப்டாப்பைத் திறந்தார். திரையில் வீடு வந்தது. கூரை இல்லாமல், பொம்மை வீடு மாதிரி. கூடம் சிவப்பு. முன்னறை மஞ்சள். பின்காம்பரா கருநீலம்.

"நீலம்னா குளிரு. பச்சைன்னா சுமாரு. மஞ்சள்னா மனுசன் சொகமா இருக்கலாம். பாத்தியா? பின்காம்பரா எப்புடி இருக்கு? மையக் கொட்டுன மாதிரி இருக்கு!" சோலைமலை துக்கப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "என்னா செய்யிறது லெட்சுமி. கணக்கு சொல்லிருச்சு."

நாகலெட்சுமி திரையையே பார்த்தாள்.

"கூடம் மட்டும் ஏன் செவப்பா இருக்கு?"

"டீவி ஓடுது. நீ, நான், மாஸ்டர், மூணு பேரு உக்காந்திருக்கோம். மனுச ஒடம்புலயிருந்து சூடு வரும் தெரியுமா?" சோலைமலைக்கு உற்சாகம் வந்துவிட்டது. தொழிலைப் பற்றி மனைவி கேள்வி கேட்டது கல்யாணமான பிறகு இதுதான் முதல் தடவை. "சும்மா உக்காந்திருக்குற ஒரு ஆளு நூறு வாட் பல்பு மாதிரி. ஆம்பளைன்னா சூடு கூட. பொம்பளைன்னா கொஞ்சம் கொறைவு. கம்ப்யூட்டருக்குள்ள ஒவ்வொரு காம்பராவுலயும் எத்தன ஆளுன்னு நாமதான் போடணும்."

"பின்காம்பராவுல எத்தன ஆளு போட்டீங்க?"

"அங்க யாரு இருக்கா? சும்மா கெடக்குற காம்பராதானே."

"அம்மா வந்தா சும்மா கெடக்காதே. அம்மாவ போடுங்க."

சோலைமலையின் விரல் விசைமேல் அப்படியே நின்றது.

"அது... ஒரு ஆளால பெருசா ஒன்னும்..."

"தம்பி சோலைமலை," என்றார் மாஸ்டர், "அந்த மனுசி இருக்கப்போற அறையை ஆளில்லாமல் கணக்குப் பாத்தால் அது என்ன கணக்கு? போடும், போட்டுப் பாரும்."

போட்டார். கருநீலம் வெறும் நீலமானது.

"பாத்தியா, இன்னமும் நீலந்தான்!"

"மீனம்மா சின்னம்மாவும் அதே லயத்துலதான் இருக்காங்க. அவங்க கூரையும் ஒழுகுது. அவங்களையும் போடுங்க."

"சின்னம்மாவா? அவங்க பேச்சே இல்லியே!"

"கம்ப்யூட்டருலதானே போடச் சொல்லுறேன். ஆளா வந்து நிக்கிறாங்க?"

போட்டார். பச்சை எட்டிப் பார்த்தது.

"செவத்துக்கு அந்தப் பக்கம் என் அடுப்பு எரியுது. அதப் போட்டீங்களா? மேல காத்து வர்ற ஓட்டைய அட்ட வச்சி அடைச்சா?"

"ஐசே தம்பி, அதையும் போடும்," என்றார் மாஸ்டர். அவருக்குச் செய்தியை விட இது சுவாரசியமாக இருந்தது.

சோலைமலை போட்டார். தன் கையாலேயே போட்டார். பொய்யாக ஒரு எண்ணைத் தட்டியிருக்கலாம். கை வரவில்லை. பின்காம்பரா, தைப்பொங்கலுக்கு அரைத்த மஞ்சள் மாதிரி, பளபளவென்று மஞ்சளாகிவிட்டது.

"கணக்கு சொல்லிருச்சுங்க," என்றாள் நாகலெட்சுமி. அப்போதே போனை எடுத்துவிட்டாள். "அம்மா, ஒங்க மாப்புள்ள வரச் சொல்லுறாரு. சின்னம்மாவையும் கட்டாயம் கூட்டிட்டு வரணுமாம். கம்ப்யூட்டருலயே பேரு போட்டுட்டாரு. என்னாது? ஆடா? இருங்க கேக்குறேன். என்னாங்க, அம்மா ஆட்டையும்..."

"ஆடு வரக்கூடாது!" என்று அலறினார் சோலைமலை. அந்த மாதத்தில் அவர் அடைந்த ஒரே வெற்றி அது. ஆடு பக்கத்துக் காம்பராக்காரர் பொறுப்பில் நின்றது.

இரண்டு கிழவிகளும் தலவாக்கலையில் பஸ் மாறி வந்து இறங்கினார்கள். நாகலெட்சுமி பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து மேல் ஓட்டையில் செருகினாள். சூடு வெளியே போனால் அறையின் மஞ்சள் போய்விடும் என்று மகள் சொன்னதைப் பேச்சியம்மா வேதமாக எடுத்துக்கொண்டார். கதவைத் திறந்தால் "சூடு போயிரும் மாப்புள்ள, சாத்துங்க." ஜன்னலைத் திறந்தால் "மஞ்சள் போயிரும் மாப்புள்ள." அடுப்பு விடிந்ததிலிருந்து எரிந்தது. புகையில் சோலைமலைக்குக் கண் சிவந்தது. மீனம்மா சின்னம்மாவுக்குக் காது மந்தம், அதனால் டீவி நானுஓயா ஸ்டேசன் வரைக்கும் கேட்டது. சோறு பிசையும் பாடம் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. இந்தத் தடவை வாத்தியார் இரண்டு பேர்.

ஆனால் பேச்சியம்மாவின் இழுப்பு குறைந்திருந்தது. நாகலெட்சுமி அம்மாவின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ரொட்டி தட்டினாள். அதைப் பார்க்கப் பார்க்க சோலைமலைக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. நியாயமாக எரிச்சல்படவும் முடியாவிட்டால் ஒரு மனிதர் என்னதான் செய்வார்?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கணக்கில் கை வைக்கமாட்டார், சரி. அட்டையில் கை வைக்கக்கூடாது என்று யார் சொன்னது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பெண்களும் கோயிலுக்குப் போன நேரம், ஸ்டூலைப் போட்டு ஏறி அந்த அட்டையைப் பிடுங்கினார். நாலாக மடித்து, சமையற்கட்டில் விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளித்தார். மழைக்காற்று பின்காம்பராவுக்குள் புகுந்து குடித்தனம் வைத்தது. மாலையில் வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார்.

"லெட்சுமி! இங்க பாரு! எப்புடி எறங்கியிருக்கு! பாவம் அத்தையும் சின்னம்மாவும். இந்தக் குளிருல வச்சிருந்தா பாவம் நம்மளச் சும்மா விடாது. நாளைக்கே பூண்டுலோயாவுக்கு..."

நாகலெட்சுமி வெப்பமானியைப் பார்த்தாள். பின்காம்பராவுக்குப் போனாள். அங்கே ஸ்டூல் நடுவில் நின்றது. மேலே ஓட்டை வாயைத் திறந்துகொண்டிருந்தது. சமையற்கட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"அப்ப ஒங்க கணக்கு தப்பாயிருச்சுங்களா?"

செய்தி பார்க்க உட்கார்ந்திருந்த மாஸ்டர் நிமிர்ந்தார். "என்னப்பா? கணக்குப் பிழைச்சிட்டுதோ? நான் பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் பெருமையாச் சொல்லிப்போட்டனே!"

சோலைமலையின் காது சூடானது. "கணக்கு தப்பாகுமா? என் கணக்கா? இருபது வருசமா ஒரு புள்ளி தப்புனதில்ல!"

"அட்டையும் அடைச்சது அடைச்சபடிதானே இருக்குதுங்க?" என்றாள் நாகலெட்சுமி, மெதுவாக.

"ஆ... ஆமா. வேற எப்புடி இருக்கும்?"

"கணக்கும் சரி. அட்டையும் சரி. அடுப்பும் எரியுது. அப்ப மிச்சம் ஒன்னுதானே. ஆளு பத்தல." நாகலெட்சுமி வெப்பமானியைக் கணவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். "ரெண்டும் கெழவிங்க. ரெண்டு பேரு சேந்தாலும் ஒரு பல்பு எரியாது. ஆம்பளைக்குத்தான் சூடு கூடன்னு நீங்கதானே சொன்னீங்க. அம்மாவும் சின்னம்மாவும் முன்காம்பராவுல என்கூட படுக்கட்டும். நீங்க பின்காம்பராவுல படுத்து சூடாக்குங்க. மஞ்சளானதும் அவங்கள அனுப்புறேன்."

"நான் மட்டுமா?"

"நீங்க நூறு வாட்டுதானே?"

"நல்ல யோசனை," என்றார் மாஸ்டர். "செய்து பாத்தால்தானே தெரியும்."

சோலைமலை பாயையும் கம்பளியையும் தூக்கிக்கொண்டு பின்காம்பராவுக்குப் போனார். எல்லாரும் படுத்ததும், முதல் வேலையாகச் சமையற்கட்டுக்குப் போய் விறகுக் கட்டுக்குப் பின்னால் கையை விட்டார். அட்டையைக் காணவில்லை. சாக்குக்கு அடியில் தேடினார். அலுமாரிக்கு மேலே தேடினார். யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால், எந்த அட்டை என்று கேட்பார்களே! வேட்டியைச் சுருட்டி ஓட்டையில் செருகிப் பார்த்தார். காற்று அதை அவர் தலையிலேயே போட்டது.

விடிந்தது. பல்லும் பல்லும் மோதுகிற சத்தத்தோடு சமையற்கட்டுக்கு வந்தார். அடுப்பு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் குந்தியிருந்த பேச்சியம்மா, நாலாக மடித்த பிஸ்கட் பெட்டி அட்டையால் நெருப்பை விசிறிக்கொண்டிருந்தார்.

சோலைமலை அட்டையைப் பார்த்தார். நாகலெட்சுமி சோலைமலையைப் பார்த்தாள். ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"ராத்திரி எப்புடிங்க இருந்துச்சு?"

"நல்லா... நல்லா இருந்துச்சு."

பேச்சியம்மா இஞ்சி போட்ட பிளேன்டீயை மருமகன் கையில் கொடுத்து, அவர் உதட்டைக் கூர்ந்து பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"மாப்புள்ள இன்னும் நீலமாத்தான் இருக்காரு லெட்சுமி. ஆளு பத்தல. ஆட்ட வரச் சொல்லிருவோம்."