பம்பை ஒறுத்த தவக்காலம்

தீவுப்பகுதியில் பப்பாசி மரங்களை நடுங்க வைத்த ஒரே மனுஷி குழாய் மிஸிதான். நாரந்தனைப் பக்கத்து டிஸ்பென்சரியில் அவர் தாதியாக இருந்த வருடங்களில், அந்த வட்டாரத்துப் பப்பாசி ஒன்றாவது முழு இலையோடு நின்றதை நான் கண்டதில்லை. இலைத்தண்டை ஒடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா, என்று யாராவது வந்தால் மருந்துக்கு முன் பாடம் நடக்கும். உள்ளே துளையுள்ள தண்டை நோயாளியின் வாயில் வைத்து “ஊதும்” என்பார். காற்று தாராளமாகப் போகும். பிறகு உள்ளே கோதுமை மாக் கூழைத் தடவுவார்.

“இது உம்மடை சுவாசக்குழாயின்ரை உள்தோல் வீங்கிறது. ஒட்டுற கூழ் சளி.”

அதற்கு மேல் வலைநூலைச் சுற்றி இறுக்குவார். “இது குழாயைச் சுத்தியிருக்கிற தசை இறுகிறது. இப்ப ஊதும்.”

“இதுக்குள்ளாலை எப்பிடி மிஸி ஊதுறது?”

“உம்மடை நெஞ்சும் அதைத்தான் கேக்குது.”

அவர் நயினாதீவுக்காரர். திங்கட்கிழமை லோஞ்ச் படகில் வந்து இறங்குவார். ஒருநாள் துறையில் நின்ற கடற்படைப் பையன் அவருடைய பையைத் திறந்தான். உள்ளே தண்டுகள், நூல்கட்டை, ஒரு பேணி கூழ். இதென்ன என்று சிங்களத்தில் கேட்டான். மிஸிக்கு அவ்வளவு சிங்களம் வராது. ஒரு தண்டை எடுத்து அவன் வாயிலேயே வைத்துவிட்டார். வரிசையில் நின்ற நாங்கள் நாற்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். அவன் ஊதினான். அடுத்த கிழமையிலிருந்து மிஸியைக் கண்டதும் கன்னத்தை உப்பிக் காட்டிவிட்டு வழிவிடுவான்.

நான் அப்போது மீனவர் சங்கத்துக் கிளாக்கர். நல்ல முட்டுக்காரன். ஆனாலும் தவக்காலத்தில் கர்த்தரின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாட்டு கோயிலில் என் பொறுப்பு. அப்பாவுக்குப் பிறகு எனக்கு வந்த இடம் அது. பெரிய வெள்ளியன்று நான் பாடாவிட்டால் ஒன்றுவிட்ட அண்ணனிடம் போய்விடும், பிறகு திரும்பி வராது.

மருந்தை வாயால் உள்ளே இழுக்கும் பம்ப் இரண்டை மிஸி எனக்குத் தந்திருந்தார். நீலத்தை இழுத்தால் உடனே நூல் தளரும். மண்நிறம் தினமும் இழுப்பது, உள்வீக்கத்தை மெல்ல மெல்ல வற்ற வைக்கும். அந்த மாசியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. விபூதிப் புதனோடு தவக்காலம் தொடங்கியது; ஏதாவதொன்றை விட்டு ஒறுக்கவேண்டும். ஊரில் ஒருவர் கள்ளை ஒறுத்தார், ஒருவர் சுருட்டை ஒறுத்தார். எனக்கு இரண்டும் பழக்கமில்லை. விட்டுவிட ஒன்றும் அகப்படாமல், மிகுந்த பக்தியோடு மண்நிறப் பம்பை ஒறுத்தேன்.

நாலாம் கிழமை, மூன்று அடி பாட இரண்டு தரம் நீலம் தேவைப்பட்டது. ஒத்திகையில் அண்ணன் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டார். பயந்துபோய் இன்னொரு நீலம் கேட்டு மிஸியிடம் ஓடினேன்.

“போன மாசந்தானே தந்தனான். மண்நிறம் எங்கை?”

“அது ஒறுத்தல், மிஸி.”

சைவ சமயத்தவரான மிஸிக்கு விளக்கிச் சொன்னேன். கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“வருசக்கணக்கா வீங்க விட்டா குழாயின்ரை சுவர் தடிச்சு அப்பிடியே நிண்டிடும். பிறகு எந்தப் பம்பாலும் முழுக்கத் திருப்ப ஏலாது. பாட்டும் அதோடை சரி. எழும்பும்.”

என் கையைப் பிடித்துப் பங்குச் சுவாமியாரிடம் இழுத்துப் போனார். சுவாமியாரும் தண்டு ஊதித்தான் கதை கேட்க வேண்டியிருந்தது.

“ஒறுக்கிறதெண்டா விருப்பமானதை ஒறுக்கவேணும்,” என்றார் சுவாமியார். “இவனுக்கு என்ன விருப்பம்?”

“முன்னுக்கு நிண்டு எல்லாரும் பாக்கப் பாடுறது,” என்றார் மிஸி.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சுவாமியார் சிரித்தார். “அப்ப பின்னுக்கு நிண்டு பாடட்டும். அங்கை சாம்பிராணிப் புகையும் வராது.”

அன்றே மண்நிறத்தைத் திரும்ப இழுக்கத் தொடங்கினேன். பெரிய வெள்ளியன்று கோயிலின் பின்வாசலோடு நின்று பாடினேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நெற்றி நிறைய விபூதியோடு மிஸி, கையில் நீலப் பம்ப். அதைக் கேட்காமலே கடைசி அடிவரை வந்துவிட்டேன். திரும்பினால் மிஸிக்கு வேர்த்து ஒழுகுகிறது. ஒவ்வொரு அடிக்கும் என்னோடு சேர்ந்து அவரும் மூச்சு இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“கடைசி அடியிலை களவாய் ஒரு மூச்சு எடுத்தனீர். நான் கண்டனான்,” என்றார்.

மிஸி காலமாகிப் பல வருடமாகிறது. பசாம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. காலையில் மண்நிறப் பம்பை இழுத்து வாய் கொப்பளித்த பிறகு, மிஸிக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே மூச்சு விடுகிறேன்.