அப்பாவு முகம் போடாத பொம்பளை

ஒரு வியாழக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே, எங்கள் வீட்டுக்கு ஒரு பேயைக் கொண்டுவருவது என்று தீர்மானித்தேன். வேறு வழியில்லை. நியாயமாகப் பேசிப் பார்த்தாகிவிட்டது.

என் பெயர் அசோகன். மனைவி பெயர் சங்கமித்ரா. சரித்திரத்தில் சங்கமித்ரா அசோகனின் மகள். அப்பா சொன்னார் என்று கப்பலேறி இலங்கைக்கே போனாள். எனக்கு வாய்த்தவள் வியாசர்பாடியிலிருந்து திருவொற்றியூருக்கு ஆட்டோவில் வந்தாள். வந்த நாளிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்பது நான்தான். அந்த அசோகன் கலிங்கத்துக்குப் பிறகு வாளைக் கீழே வைத்தான். நான் கல்யாணத்துக்குப் பிறகு வைத்தேன்.

சண்டை பின்பக்க அறைக்காக. அதில் என் காமிக்ஸ் இருக்கிறது. பதினோரு டிரங்குப் பெட்டி.

எனக்கு ஒன்பது வயதில் இது ஆரம்பித்தது. ஹார்பரில் கரி இறக்கப் போன அப்பா, வடை வாங்கி வந்தார். வடை மடித்த தாளில் காமிக்ஸ் நாயகன் கொதிகலன் வீரன் கிரேன் கொக்கியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே சுறா. அத்தோடு தாள் முடிந்தது. அவன் விழுந்தானா இல்லையா என்று தெரிய எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. வண்ணாரப்பேட்டையில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் அலி அக்பர்தான் மீதிப் பக்கங்களைத் தேடிக் கொடுத்தான். விழவில்லை. அன்றிலிருந்து அலி அக்பர் எனக்குத் தோஸ்து. எடைக்கு வரும் மூட்டையில் காமிக்ஸ் வந்தால் எனக்கென்று ஒதுக்கி வைப்பான்.

"மாயா பிரசவத்துக்கு வர்றா. பின்னாடி ரூமு வோணும்," என்றாள் சங்கமித்ரா. மாயா எங்கள் மகள்.

"பொட்டிங்க எங்கமே போவும்?"

"உன் பொட்டி இன்னா புள்ளத்தாச்சியா? அதுக்கு எதுக்கு தனி ரூமு?"

"அதுல நாப்பது வருசம் கீது."

"நாப்பது வருசத்துத் தூசு கீது. பச்சப்புள்ளைக்கு அது ஆவுமா?"

இதற்குப் பதில் இருந்தால் நான் ஏன் பேயைத் தேடிப் போகிறேன்?

பேய்க்குத் தோதான ஒரு படம் என்னிடம் இருந்தது. ராயபுரத்தில் அப்பாவு என்று ஒரு ஓவியர் இருந்தார். மர்மக் கதைகளுக்கு அட்டைப்படம் போட்டவர். அவர் செத்த பிறகு வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டார்கள். அதில் வந்தது அவர் கடைசியாக வரைந்த படம். எண்ணூர் கழிமுகம். கரி நிறத் தண்ணீர். அதில் முழங்கால் அளவு நனைந்தபடி ஒரு பெண். ஈரக்கூந்தல் ஒவ்வொரு மயிராக மசியில் இழுத்திருக்கும். புடவை மடிப்பில் சொட்டும் நீர்கூட இருக்கும். முகம் மட்டும் இல்லை. வெறும் வெள்ளைத்தாள்.

"மூஞ்சி போடறதுக்குள்ள மனுசன் பூட்டாரு மாமு," என்று சொல்லித்தான் அலி அக்பர் அதைக் கொடுத்தான். கொடுத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அந்தப் படம் பின்னறைச் சுவரில் ஆணியில் தொங்கியது. வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்புமுன், பென்சிலால் அந்த வெள்ளை முகத்தில் இடது புருவம் ஒன்றைப் போட்டேன். ஒரு அசல் ஓவியத்தில் கை வைத்தேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பென்சில்தானே, அழித்துவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு சங்கமித்ராவைக் கூப்பிட்டேன்.

"மித்ரா, இங்க வாயேன். இத்தப் பாரு. புருவம் இருந்துச்சா இதுல?"

அவள் ப்ளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவள், ஊசியோடு வந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள். "அய்யே," என்றாள். "இல்லியே. இன்னாயா இது?"

வெள்ளிக்கிழமை இடது கண். அன்று அவள் அறைக்குள்ளேயே வரவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை சோறு போடும்போது மெதுவாகச் சொன்னாள்.

"அந்த ரூமு வேணாம்யா. புள்ளைங்க பொயங்கற எடமா அது? மாயா ஹால்லயே படுத்துக்கட்டும்."

நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பென்சிலை எடுத்துப்போய் ரயில்வே லைன் ஓரம் வீசிவிட்டு வந்தேன். வேலை முடிந்தது.

எனக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் நம்பர் சரிபார்க்கிற வேலை. காலை ஷிப்டு. திங்கட்கிழமை மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கரன்ட் இல்லை. ஃபேன் நின்ற வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சங்கமித்ரா தைத்ததைக் கொடுக்கத் தேரடிப் பக்கம் போயிருந்தாள். பேயை ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு புத்தகம் எடுக்கலாம் என்று பின்னறைக் கதவைத் திறந்தேன்.

படத்தில் இரண்டு கண் இருந்தது.

ஒன்று நான் போட்டது. அசடு வழியும். மற்றது அப்படி இல்லை. அது பார்த்தது. நான் வலது பக்கம் நகர்ந்தேன். பார்த்தது. இடது பக்கம் நகர்ந்தேன். என் கண் சும்மா இருந்தது. அந்தக் கண் பார்த்தது.

சங்கமித்ரா வந்ததும் கேட்டேன். "நீ ரூமுக்குள்ள போனியா?"

"நான் எதுக்குப் போறேன்? நீதான பேய் கீதுன்னு சொன்ன."

"நான் பேய்னு சொல்லலமே. புருவம்னு சொன்னேன்."

"எல்லாம் ஒண்ணுதான். இன்னாயா, வேர்த்துக் கொட்டுது உனக்கு?"

என்னத்தைச் சொல்ல? 'முதல் கண் நான் போட்டது, ரெண்டாவது கண் யார் போட்டது' என்று கேட்டால் முதல் கண்ணுக்கு எனக்கு உதை விழும். 

மறுநாள் படத்தில் வாய் இருந்தது. லேசாகத் திறந்த வாய். ஏதோ சொல்ல வருகிற மாதிரி. புதன்கிழமை மூக்கு. மற்றதெல்லாம் பென்சில். மூக்கு மட்டும் மசி. அப்பாவு தூரிகையை ஒரே இழுப்பில் இழுத்துக் கடைசியில் ஒரு கொக்கி போடுவார். அந்தக் கொக்கி இருந்தது. நாற்பது வருஷமாகப் பார்த்த கொக்கி. எனக்குத் தெரியாதா?

டிரங்குப் பெட்டிகளைத் திறந்தேன். அப்பாவு போட்ட மற்ற அட்டைகளோடு ஒத்துப்பார்க்க வேண்டும். 'ராயபுரத்தில் ரத்தச் சுறா' எடுத்தேன். மீன் ஏலக் கூட்டம், நடுவில் சுறா. கூட்டத்தின் ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஈரக்கூந்தலோடு ஒரு பெண். 'எர்ணாவூர் எலும்புக்கூடு' எடுத்தேன். ரயில்வே கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள். இன்னொன்று. பாலத்துக்குக் கீழே அவள். இருபத்தாறு அட்டை பார்த்தேன். இருபத்தாறிலும் ஓரத்தில் அவள் இருந்தாள். ஒன்றில்கூட முகம் தெரியவில்லை.

இந்த அட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன் என்று பீற்றிக்கொண்டவன் நான். எத்தனை குண்டு பாய்ந்தது, எந்தப் பக்கம் ரத்தம் வழிந்தது, எல்லாம் சொல்வேன். இவளை நான் பார்த்ததே இல்லை. முன்னாடியே இருந்தாளா? இல்லை, இந்த வாரம்தான் ஒவ்வொரு அட்டையாக வந்து நின்றாளா? பெட்டிகளைச் சாத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. எனக்குக் குளிர்ந்தது.

வியாழக்கிழமை அவள் வாய்க்குப் பக்கத்தில் ஒரு பலூன் வந்துவிட்டது. காமிக்ஸில் பேச்சு எழுதுவார்களே, அந்த வட்டம். உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

ரத்தம் சொட்டும் கத்தியைக்கூட நான் அட்டையில் தைரியமாகப் பார்ப்பேன். காலி பலூனைப் பார்க்க முடியவில்லை. அவள் என்ன சொல்லப் போகிறாள்? அன்று யார்டில் நாலு கன்டெய்னர் நம்பரைத் தப்பாகக் குறித்தேன்.

வெள்ளிக்கிழமை பலூனில் மூன்று புள்ளி.

"சாப்பிடுயா," என்றாள் சங்கமித்ரா.

"வேணாம்."

"ரூமுல எதுனா ஆயிப்போச்சா?"

"ஒண்ணும் ஆவல."

"அப்ப ஏன் கதவுக்கு முதுகக் காட்டிக்கினு குந்தமாட்டேன்ற?"

சனிக்கிழமை ஷிப்டு முடிந்து வந்து, கதவை அரைச் சாண் திறந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். பலூனில் எழுத்து இருந்தது. காமிக்ஸ் எழுத்து மாதிரியே, கொட்டை கொட்டையாக.

'மூச்சு முட்டுது.'

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. பதினோரு பெட்டி, மூடின கதவு, நாற்பது வருஷத் தூசு. நடுவில் அவள். தெருமுனைக்கு ஓடிப்போய் ஒரு மீன்பாடி வண்டி பிடித்தேன். மூன்று நடை அடித்தேன். பெட்டி, படம் எல்லாவற்றையும் அலி அக்பர் கடை மாடிக்கு ஏற்றினேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். படத்தைப் பார்த்து, "இப்ப பரவால்லியாம்மா?" என்று கேட்டேன். நிஜமாகக் கேட்டேன்.

வீட்டில் சங்கமித்ரா பின்னறையைக் கழுவி விட்டிருந்தாள். மறுவாரம் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. மாயா வந்தாள். தூளி தொங்கியது.

ஒரு நாள் ஷிப்டு விட்டு வரும் வழியில், பெட்டிகளைக் கரையான் அரித்துவிடப் போகிறதே என்று கடைக்குப் போனேன். படம் இருந்த பக்கம் திரும்பாமல் மாடி ஏறினேன். சுவர் முழுக்கப் புது மரத் தட்டு.

"எப்படா அடிச்ச இத்த?"

"நீ வர்றதுக்கு முந்தியே நைனா. அன்னிக்கு இருந்த பதட்டத்துல நீ பாக்கல. அண்ணி நீ தூக்கினு வந்ததுக்கு முந்தின வாரம் வெள்ளிக்கெயமையே வந்து அளவு சொல்லிட்டுப் போச்சே. 'அவரு அடுத்த வாரம் தூக்கினு வருவாரு, ஒயுங்கா வெச்சுக்கோ'ன்னுச்சு. உங்கிட்ட சொல்லலியா?"

அந்த வெள்ளிக்கிழமை. நான் இடது கண் போட்ட வெள்ளிக்கிழமை.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. அவள் தையல் மெஷினில் இருந்தாள்.

"நீதான?"

"நான்தான்." தலையைத் தூக்கவில்லை. "புருவமாயா அது? கம்பளிப்பூச்சி. பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு நீ வரைஞ்சதுன்னு. நான் தெனம் ப்ளவுசுல மயிலு வரையறவ. எனக்கு ஒரு கண்ணு போட வராதா?"

"கேட்டா நானே குடுத்திருப்பனே ரூம!"

"ஆறு மாசமாக் கேட்டேன்."

அவள் காலடியில் கிடந்த துணித்துண்டுகளைப் பொறுக்கினேன். பிறகு கேட்டேன். "அட்டைங்கள்ல எல்லாம் ஓரத்துல நிக்கறாளே, அவ?"

"எவ?"

சொன்னேன். இருபத்தாறு அட்டையையும் சொன்னேன். மெஷின் நின்றது.

"அது அச்சுல வந்தது. நான் எப்டி வரைவேன்?" என்றாள். யோசித்தாள். "அவரு பொண்டாட்டியா இருக்கும்யா. அவரு பொண்டாட்டிய ஓரமா வரைஞ்சுக்கினே இருந்துகீறாரு. நீ நாப்பது வருசமா சுறாவையே பாத்துக்கினு இருந்துகீற. ஓரத்துல நிக்கற பொம்பளைய எவன் பாத்தான்?"

அது என்னவோ எங்கேயோ குத்தியது. ஆனாலும் வீரம் திரும்பி வந்தது. பேய் இல்லை. அப்படியென்றால் பயம் இல்லை.

"மாயா புள்ள பெத்துக்கினு போவட்டும். அன்னிக்கே பதினோரு பொட்டியும் திரும்பி வருது. சொல்லிட்டேன்."

"வரட்டும்யா. வேணாம்னா சொன்னேன்?" நூலைப் பல்லால் கடித்தாள். "நேத்துதான் கடைக்குப் போயி ரப்பர் வெச்சு எல்லாத்தியும் அயிச்சுட்டு வந்தேன். உன் படம் பயையபடி ஆவணுமில்ல. புருவம் போச்சு, கண்ணு போச்சு, வாயி போச்சு, பலூனு போச்சு. உன் மூக்கு மட்டும் போவல. எதுக்குயா அத்த மட்டும் மசியில போட்ட?"

"மூக்கு நான் போடலமே."

"வெளாடாத."

"மெய்யாலுமே. நீ போட்டதில்ல அது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். தூளியில் இன்னும் பிள்ளை இல்லை. அது தானாகக் கொஞ்சம் ஆடியது. காற்றாக இருக்கும். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியதா, பயம் ஓடியதா என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது பேரனுக்கு ஏழு மாதம். மாயாவும் பிள்ளையும் ஊருக்குப் போயாகிவிட்டது. பின்னறையில் சங்கமித்ராவின் தையல் மெஷின் ஓடுகிறது. பெட்டிகள் அலி அக்பர் மாடியிலேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போய்ப் படித்துவிட்டு வருகிறேன். சங்கமித்ரா துணைக்கு வர ஒப்புக்கொள்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.