கரடியின் இடத்தில் ஒரு கல்

ஒரு காட்டில், செல்போனுக்கு சிக்னல் எட்டாத ஒரு சரிவில், பெத்தணன் என்ற கரடி மரப்பொந்துக்குள் கையை விட்டுத் தேன் தின்றுகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு வந்தது. சுற்றுலா வந்த யாரோ தவறவிட்ட செல்போன் அதன் கையில் இருந்தது.

"மாமா, இது ஒரு கேள்வி கேக்குது. 'நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?'ன்னு. ஆமாவா, இல்லையா? எதைத் தொடட்டும்?"

பெத்தணன் வாயிலிருந்த தேனை விழுங்காமல் யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் சார்ஜ் தீர்ந்து செல்போன் அணைந்துவிட்டது. குரங்கு அதைப் புதரில் எறிந்துவிட்டுப் போயிற்று. கேள்வி மட்டும் கரடியிடம் தங்கிவிட்டது.

அன்று முதல் தேனை நாக்கில் வைத்தால் இருமல் மருந்தின் ருசிதான். 'இதுதான் மகிழ்ச்சியா?' என்று வாய்க்கு வாய் விசாரித்துக்கொண்டே தின்றால் வேறு எப்படி இருக்கும்? மழை இறங்கிவிட்டால் தேன் காலம் முடிந்துவிடும். கரடிக்கு இடுப்பெலும்பு தெரிய ஆரம்பித்தது.

மலையடிவாரக் குகையில் ஓர் உடும்பு இருந்தது. நன்றாக வாழ்வது எப்படி என்று கேட்டு வருகிறவர்களுக்கு அது வழி சொல்லும். ஒருவருக்கு ஒருமுறைதான். பெத்தணன் போய்ச் சேர்ந்தபோது வரிசை ஓடை வரைக்கும் நீண்டிருந்தது. கடைசியில் நின்ற சுடலி என்ற காட்டுப்பன்றி திரும்பிப் பார்த்தது.

"சந்தோஷம்னா என்னண்ணே, நல்ல சேறு. அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் சுடலி இங்கே நிக்கிறே?"

"இத்தனை பேரு நிக்கிறாங்களே, ஏதோ குடுக்காங்க போலன்னு நின்னேன்."

சுடலிக்கு முன்னால் நின்ற மான், எதற்கும் ஆசைப்படாமல் இருப்பதே சந்தோஷம் என்று சாந்தமாகச் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் ஒரு முயல் வரிசைக்குள் நுழையப் பார்க்கவே, அதைக் கொம்பால் முட்டித் தள்ளியது.

வெயில் ஏறியது. உள்ளே போன நரி உடும்போடு வாதாடிக்கொண்டிருந்ததால் வரிசை அசையவே இல்லை.

"ஒரு கல்லைப் போட்டுட்டுப் போங்கண்ணே. ரேஷன் கடையில மனுசங்க அப்படித்தான் பண்றாங்க" என்றது சுடலி. தன் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுச் சேற்றைத் தேடிப் போனது. மானும் ஒரு கல்லை வைத்தது. ஒருவரைப் பார்த்து ஒருவராக எல்லாரும் வைத்தார்கள். பெத்தணன் தன் உடம்புக்குப் பொருத்தமாக ஒரு குண்டுக் கல்லைப் புரட்டி வைத்துவிட்டு, நிழலில் படுத்துத் தூங்கிப்போயிற்று.

சாயங்காலம் எழுந்து வந்தால் வரிசையைக் காணோம். குகை வாசலில் காவலுக்கு நின்ற கீரி உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தது.

"என் முறை எப்போ வரும்?"

"உங்க முறை முடிஞ்சுதே, பெரியவரே."

"நான் உள்ளேயே போகலியே!"

"உங்க கல்லு உள்ளே போச்சு. நான்தான் உருட்டிவிட்டேன். வரிசையில இருக்கிறதை உள்ளே அனுப்புறதுதான் என் வேலை. முழுசாக் கேட்டுட்டு வந்து அந்தா கிடக்கு பாருங்க."

"கல்லுக்குக் காது ஏது?"

"காது இருந்தவர் எங்கே போயிருந்தீரு?"

கரடி கீரியைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடியது. உடும்பு எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசும். மூடிய கண்ணிலிருந்து இன்று ஆனந்தக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அலையாதே, ஆசைப்படாதே, இருக்கிற இடத்தில் இரு. இதைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்கிறேன். எல்லாரும் 'ஆனால்' என்று ஆரம்பிப்பார்கள். இன்று வந்தவர்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சொன்ன மாத்திரத்தில் கடைப்பிடிக்கவும் தொடங்கிவிட்டார்கள்!"

"அவங்க எல்லாம் கல்லு, சாமி!"

"யாராயிருந்தால் என்ன, நல்ல சீடர்கள்."

"ஆனா, சாமி, எனக்குத் தேனு..."

"பார், ஆரம்பித்துவிட்டாய். போய் உன் கல்லிடம் கேட்டுத் தெரிந்துகொள்."

கரடி கல்லைச் சுமந்துகொண்டு வீடு வந்தது. மரத்தடியில் வைத்து, எதிரில் உட்கார்ந்து, பணிவாகக் கேட்டது. கல் பேசவில்லை. அலையவும் இல்லை, ஆசைப்படவும் இல்லை. கரடிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாள் குரங்கு வந்தது. "மாமா, அன்னிக்குக் கேட்டேனே. ஆமாவா, இல்லையா?"

பொந்துக்குள் போன பெத்தணனின் கை பாதியில் நின்றது. அப்போது கல் கண்ணில் பட்டது.

"எங்க வீட்டுல அந்த விஷயத்தையெல்லாம் அதுதான் பார்த்துக்குது. அதைக் கேளு" என்று சொல்லிவிட்டு, கரடி தன் பாட்டுக்குத் தேனை வாயில் போட்டுக்கொண்டது.

இனித்தது.

குரங்கு கல்லின் எதிரில் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தது. இருட்டும் வரை காத்திருந்துவிட்டு, விடிந்ததும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு குகைக்குப் போனது.

இப்போது அந்தக் காட்டில் வளைக்கு வளை ஞானம் பெற்ற ஒரு கல் இருக்கிறது. மற்றவர்கள் சேற்றிலும் தேனிலும் வேலையாக இருக்கிறார்கள். ஞானம் தேடும் கற்களை நாள் முழுக்க வெயிலில் நிறுத்துவது சரியில்லை என்று சுடலி சொன்னதால், குகை வரிசையில் அவற்றின் இடத்தில் கூழாங்கல் போட்டு வைக்கிறார்கள்.

நீதி: நன்றாக வாழ்வது எப்படி என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டியதில்லை.