கிர்ரா கிரகத்தின் ஒரே பலகை

எனக்கு இந்தி தெரியாது. இந்த மூன்று வார்த்தையைச் சொல்ல வாய் வராமல், ஒரு கிரகத்தையே படைத்து, அதற்கு ஒரு சக்கரவர்த்தியையும் நியமித்து, கடைசியில் சொந்த வேலைக்கே உலை வைத்துக்கொள்ளப் பார்த்தவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில் சுவிட்சு செய்யும் ஒரு கம்பெனியில் நான் டிரெய்னி. இரண்டு வருஷம் முடிந்தால் கன்ஃபர்ம் செய்வார்கள். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கிளம்பினால், கிருஷ்ணகிரியில் என்னைப் பெற்ற அத்தா ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார். வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு உள்ளவர், மாங்காயைத் தவிர வேறு பேச்சே கிடையாது. (நல்ல மனுஷர்தான். ஆனால் சீசன் முடிந்தபிறகு என்ன பேசுவது?)

எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி. ஞாயிறு காலையில் ஒரு வேற்றுக்கிரகத் தொடர் வரும். பெரிய பேரரசு, பளபளா உடுப்பு, ஓயாத கத்தல், எல்லாம் இந்தியில். ஒருத்திக்கும் ஒன்றும் புரியாது. லைனில் என் பக்கத்து சீட்டுக்காரி, சிங்காரப்பேட்டை செல்வி, ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ பர்வீன், பாய் வீட்டுப் பொண்ணு நீ, உனக்கு இந்தி வரும்ல? இந்தாளு என்னடி கத்துறான்?"

ஓசூர்ப் பக்கம் முஸ்லிம் என்றால் வீட்டில் உருது பேசுவார்கள், உருது வந்தால் இந்தியும் வரும் என்பது எல்லோருடைய கணக்கு. எங்கள் வீட்டிலோ கொஞ்சுவதும் தமிழ், திட்டுவதும் தமிழ். (அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.) பதினைந்து பேர் என் வாயையே பார்த்தபோது தலையில் கொம்பு முளைத்துவிட்டது.

"அவருதான் சக்கரவர்த்தி. மூணு நிமிஷம் லேட்டா வந்தவனை கேட்டுக்கு வெளியவே நிறுத்தச் சொல்றாரு" என்றேன்.

மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எனக்குக் கதை சொல்லும் டியூட்டி. வேறு கிரகத்தில் எப்படி ஆள்வார்கள் என்று நான் எதைக் கண்டேன்? ஆக, நான் கிர்ரா என்று பெயர் வைத்த அந்தக் கிரகத்தில் சைரன் ஊதினார்கள். தொப்பியின் நிறத்தை வைத்து மனிதர்களைப் பிரித்தார்கள். வீட்டுக்குப் போகிறவர்களின் சாப்பாட்டுப் பையைத் திறந்து சோதித்தார்கள். முக்கியமாக, அங்கே ஒரு பலகை இருந்தது. எங்கள் லைனில் நாற்பது பெண்கள். பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஆணியில் தொங்கும் ஒரு மரப்பலகையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். போனவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். அதை அப்படியே கிர்ராவுக்கு ஏற்றுமதி செய்தேன். கிண்டலுக்காகச் செய்தேன் என்று பின்னாளில் பலர் பாராட்டினார்கள். சத்தியமாக இல்லை, அவ்வளவு மூளை எனக்குக் கிடையாது.

ஆயுத பூஜை வந்தது. அன்று மட்டும் கம்பெனிக்குள் குடும்பத்தோடு வரலாம். மிஷினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு, எல்லோருக்கும் பொரிகடலை, அப்புறம் கலைநிகழ்ச்சி. "உன் கிர்ரா கதையையே டிராமாவா போட்டுடலாம்டி" என்றாள் செல்வி. பேக்கிங் தெர்மாகோலில் கிரீடம் செய்து அவளே சக்கரவர்த்தியானாள். கதை சொல்லும் மைக் என் கையில்.

சைரன் ஊதியதுமே சிரிப்பு கிளம்பியது. கிரீடத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒரு அடிமைப் பெண் காலைப் பின்னிக்கொண்டு, நெளிந்தபடி மேடைக்கு வந்தாள்.

"சக்கரவர்த்தி அவர்களே, பலகை எங்கே?"

"பொறு பெண்ணே! பலகை எடுத்துப் போனவள் இன்னும் திரும்பவில்லை!"

ஷெட் கூரை பறந்துவிடும் போலிருந்தது. விசில், கைதட்டல், "ஒன்ஸ்மோர்!" சத்தம் அடங்கிய நேரம் பார்த்து, முன்வரிசையில் இருந்த பர்சனல் மேனேஜரின் மனைவி, மடியில் பொரித் தட்டோடு, புருஷன் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் தெளிவாகக் கேட்டார்: "ஏன்ரீ, நிம் கம்பெனீலி ஹீகேனா?" (என்னங்க, உங்க கம்பெனியில இப்படித்தானா?)

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கன்ஃபர்ம் ஆக இன்னும் மூன்றே வாரம். விஜயதசமியும் ஞாயிறும் சேர்ந்து இரண்டு நாள் லீவு. இரண்டு நாளும் கண் முன்னால் மாங்காயாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை, கதை எழுதியவளையும் சக்கரவர்த்தியையும் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"யாரும்மா எழுதிக் குடுத்தது? யூனியன்காரங்களா?"

"இல்ல சார், டிவில வந்ததுதான்."

"அந்த சீரியல் நானும் பசங்களோட பாக்கறேன். எனக்கு இந்தி நல்லா தெரியும். அதுல பலகையே இல்லை. அவங்களுக்குப் பாத்ரூமே இல்லை!"

யூனியன் என்று நினைத்தால் வேலை போகும். உண்மையைச் சொன்னால் மானம் போகும். மானத்தை விட்டேன்.

"எனக்கு இந்தி தெரியாது சார்."

"அடிப்பாவி!" என்று அலறினாள் செல்வி, மேனேஜர் ரூம் என்பதையும் மறந்து. "அப்ப இத்தனை நாளா?"

"அப்போ எல்லாம் உன் கற்பனையா?" என்றார் அவர்.

அழுகை முட்டியது, ஆனால் அதோடு கோபமும் வந்துவிட்டது. "கற்பனையில்ல சார். வேற கிரகத்தை நான் எங்க பாத்தேன்? ஒரு ராஜா ஜனங்களை எப்படி வச்சிருப்பான்னு யோசிச்சா, எனக்கு நம்ம லைன்தான் சார் ஞாபகம் வருது."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ரெண்டு நாளா எங்க வீட்ல பாத்ரூம் போறப்பல்லாம் என் மிஸஸ் என்கிட்ட வந்து பலகை கேக்கறாங்க" என்றார். "போங்க, போய் வேலையைப் பாருங்க."

மறுநாள் காலை ஆணி மட்டும் இருந்தது. பலகை இல்லை. யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. முதலில் செல்வி எழுந்தாள், கை வீசிக்கொண்டு போனாள், வந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். அவசியமே இல்லாதவர்கள்கூட அன்று ஒரு தடவை போய்விட்டு வந்தார்கள். நான் நாலு தடவை போனேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்குப் பின்னாளில் நிக்காஹ் அன்றுகூட வந்ததில்லை. மூன்று வாரம் கழித்து கன்ஃபர்மேஷன் லெட்டரும் கைக்கு வந்தது. வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அத்தா வேப்பனப்பள்ளிக்குத் தகவல் அனுப்பிவிட்டார்.

செல்வி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே டிவி முன்னால் இடம் பிடித்து வைத்து, "இந்தி தெரியாட்டி போகுது, கதையைச் சொல்லுடி" என்றாள்.

இப்போது என் மகளும் பெங்களூரில் வேலைக்குப் போகிறாள். டிவியில் எந்த வேற்றுக்கிரகப் பேரரசு வந்தாலும் வீடே சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்க்கிறது.

"அம்மா, இது எந்தக் கம்பெனி?"

ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவேன். போன வாரம் வந்தது அவள் கம்பெனி.