நட்சத்திரம் போட்டால் எல்லாம் வரும்

உலகத்தில் எந்தக் கேள்விக்கும் நேரே பதில் சொல்லாத ஒரே பிறவி, நெல்லியடியில் ஓர் அச்சகத்தில் என்னோடு வேலை செய்த நட்சத்திரம்தான். தேத்தண்ணிக் கடை எங்கே என்று கேட்டால், "முதல்லை நீங்கள் எங்கை நிக்கிறியள் எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்பாள். நான் நிற்பது அவளுக்கு முன்னால்தான்.

அவளுடைய கணினிக்கு மவுஸ் கிடையாது. கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டாள். கறுப்புத் திரையில் பெயரின் முதலெழுத்தை அடித்து, பக்கத்தில் ஒரு * போடுவாள். அந்த எழுத்தில் தொடங்கும் கோப்பெல்லாம் வந்து நிற்கும். இரண்டு புள்ளி போட்டால் இருந்த கோப்புறையிலிருந்து ஒரு படி வெளியே போய்விடுவாள். பெயர் வந்தது அந்த நட்சத்திரத்தால்தான்.

ஒருநாள் தேத்தண்ணிக் கடையில், "வ-விலை தொடங்கிற எல்லாத்திலையும் ஒண்டு தாங்கோ" என்றாள். வடை வந்தது, வாய்ப்பன் வந்தது, வெற்றிலையும் வந்தது.

"என்ரை பிழை. நட்சத்திரம் போட்டால் கேட்டதை விடக் கூடத்தான் வரும்" என்று சொல்லி, வெற்றிலையையும் மென்றுவிட்டாள்.

எங்கள் பிழைப்பே கல்வெட்டுத்தான். இறந்தவரின் படமும் வரலாறும் தேவாரமும் சேர்த்து முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அடிக்கும் புத்தகம். எல்லாம் 'கல்வெட்டு' என்ற ஒரு கோப்புறையில் இருக்கும். அதற்குள்ளே 'குப்பை' என்று இன்னொன்று. அவள் சாப்பிடப் போன நேரம், குப்பையைத் துப்புரவாக்கலாம் என்று நான் இறங்கினேன். சரியான இடத்தில்தான் நிற்கிறேனா என்று சந்தேகம் வர, இரண்டு புள்ளி போட்டு வெளியே வந்து பார்த்தேன். திரும்ப உள்ளே போக மறந்துவிட்டேன். உள்ளே உள்ள கோப்புறைகளையும் சேர்த்து அழி என்ற கட்டளையோடு, முதலெழுத்து இல்லாமல் வெறும் நட்சத்திரத்தை வைத்துத் தட்டினேன்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. நிச்சயமா என்றுகூடக் கேட்கவில்லை. கோப்புறையைப் பார்த்தேன். வெறுமை. எங்கள் வடமராட்சிப் பக்கம் செத்தவர்கள் அத்தனை பேரையும் நான் இரண்டாந்தரம் சாகடித்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெண். கடற்தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்த அவளுடைய தகப்பனின் முப்பத்தொன்று நாளைக்கு. அவருக்கு இருந்தது மகளின் போனில் ஒரேயொரு படம். அதை எங்களிடம் தந்த அடுத்த நாளே அவளுடைய போன் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது.

"அண்ணை, ஐயாவின்ரை புத்தகம் முடிஞ்சுதோ?"

அவளுக்குப் பின்னாலேயே நட்சத்திரம் வந்தாள். என் முகத்தையும் திரையையும் பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்கோ தங்கச்சி. நான் ஒரு வேலை பிழையாச் செய்து போட்டன்" என்றாள். பிழை என்னுடையது.

உட்கார்ந்து ஒரு புள்ளியை அடித்தாள், அதை ஒட்டி ஏதோ பெயர். நான் பார்த்தேயிராத ஒரு கோப்புறை திறந்தது. திரையில் தகப்பன் சிரித்தார். அவருக்குப் பின்னால் மற்ற எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள்.

"புள்ளியிலை தொடங்கிற பேரை நட்சத்திரம் தொடாது அண்ணை. தினம் பின்னேரம் எல்லாத்தையும் இதுக்குள்ளையும் ஒருக்காப் போட்டு வைப்பன்."

"இதை எப்ப தொடங்கினனீர்?"

"நீங்கள் வேலைக்கு வந்த அண்டைக்கு."

கோபம் வந்திருக்க வேண்டும். முதல் நாளே என்னை நம்பாத ஒருத்தியை இவ்வளவு பிடித்துப்போகும் என்று நான் நினைத்ததே இல்லை.