அம்மாவை எழுப்பக் கூடாது

விமானத்தில் ஏறச் சொல்லி அழைப்பு வந்த அந்த நேரம் பார்த்துப் பொடியன் பி.டி. மாஸ்டரின் தோளில் பொத்தென்று சாய்ந்து தூங்கிப்போனான்.

இது திட்டத்தில் இல்லை. திட்டம் மாஸ்டருடையது. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டே தலை நரைத்தவர் அவர். "ஓடின பிள்ளை தூங்கும். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?" என்று மனைவியிடம் சவால் விட்டுவிட்டு, காத்திருக்கும் கூடத்தில் மூன்று வயசுப் பொடியனையும் ஐந்து வயசுப் பெரியவளையும் தூணுக்குத் தூண் ஓட்டப்பந்தயம் விட்டார். ஓடின பிள்ளை தூங்கத்தான் செய்தது. விமானத்துக்குள் தூங்க வேண்டியதை வெளியிலேயே தூங்கித் தீர்த்தது, அவ்வளவுதான்.

"இப்பவே தூங்கிட்டா அப்புறம்?" என்றாள் மனைவி.

"அப்புறத்தை நான் பாத்துக்கறேன். நீ உன் சீட்டுக்குப் போ."

"ரெண்டையும் தனியா சமாளிச்சுடுவீங்களா?"

"ஒரே நேரத்துல நூறு பசங்களைச் சமாளிக்கறவன்மா நான்."

"அந்த நூறையும் மணி அடிச்சா அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பிடுவீங்க" என்று சொல்லிவிட்டு அவள் முன்பக்கம் போனாள்.

அவளுக்கு விமானத்தின் முன்பக்கம் சீட்டு, அவருக்கும் பிள்ளைகளுக்கும் வால் பக்கம். வேண்டுமென்றே அப்படிக் கேட்டு வாங்கியிருந்தார். விடிந்து இறங்கினதும் அவளுக்கு நேர்முகத் தேர்வு. பெரியவள் பிறந்தபோது விட்ட லேப் வேலை. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கூப்பிட்டிருக்கிறது. பிள்ளைகளை விட்டுவிட்டு வர ஆள் கிடையாது. தூக்கம் கெட்டால் அவளுக்கு வாய் குழறும், சொந்தப் பெயரைக் கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வாள். பெரியவள் பிறந்ததிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூட முழுசாய்த் தூங்கியதில்லை என்பது மாஸ்டருக்குத் தெரியும். அந்த ராத்திரிகளில் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டது யார் என்பதும் தெரியும். அதனால்தான் இந்த வைராக்கியம்.

விமானம் மேலே ஏறி, விளக்கை அணைத்து, எல்லோரும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்ட நேரத்தில் பொடியன் கண்ணைத் திறந்தான்.

"அப்பா, விளையாடலாமா?"

"சத்தம் போடாம இரு, சாக்லேட் தர்றேன்."

தம்பிக்குக் கொடுத்தால் அக்கா சும்மா இருப்பாளா? அவளுக்கும் ஒன்று போயிற்று. சாக்லேட் உள்ளே போனதும் இரண்டும் சீட்டின்மேல் ஏறிக் குதிக்க ஆரம்பித்தன. முன்சீட்டு வழுக்கைத் தலை திரும்பியது.

"சார், முதுகுல உதைக்கறாங்க."

"மன்னிச்சுக்குங்க சார்" என்று சொல்லிப் பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைத்தார். இப்போது ஜன்னல் யாருக்கு என்று சண்டை. ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. அந்த இருட்டுக்குத்தான் இத்தனை அடிதடி.

மாஸ்டர் தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "யாரு வாயைத் திறக்காம உக்காந்திருக்காங்களோ, அவங்களுக்கு அப்பாவோட விசில்."

பெரியவள் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். வென்றாள். பரிசும் வாங்கினாள். விசிலைக் கையில் கொடுத்தால் பிள்ளை என்ன செய்யும்? ஊதியது.

மூன்று வரிசை ஆட்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் சீட்டுக்கு அடியில் குனிந்து மிதவைச் சட்டையைத் தேடினார். பணிப்பெண் ஓடி வந்தாள். மாஸ்டர் விசிலைப் பிடுங்க, பெரியவள் வீறிட, அவளைப் பார்த்துப் பொடியனும் சேர்ந்துகொண்டான்.

"அம்மாகிட்டப் போகணும்."

"அம்மா நிம்மதியாத் தூங்கறாடா கண்ணு. இனிமே அவளை யாரும் எழுப்பக் கூடாது" என்றார் மாஸ்டர். குரல் தழுதழுத்தது. எல்லாம் களைப்புதான்.

பக்கத்து வரிசை அம்மாள் அதைக் கேட்டுவிட்டார். "அடப்பாவமே, ரெண்டு பிஞ்சையும் விட்டுட்டுப் போயிட்டாளா" என்று கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, பெரியவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். வழுக்கைத் தலைக்காரரும் மனம் இளகி, "இவனை இப்படிக் குடுங்க சார்" என்று பொடியனை வாங்கித் தன் செல்போனில் நாய்க்குட்டிப் படம் காட்டினார்.

மாஸ்டருக்கு விஷயம் புரிவதற்குள் பெரியவள் அந்த மடியிலேயே தூங்கிவிட்டாள். உண்மையைச் சொன்னால் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களே? நல்ல மனுஷர்தான். ஆனாலும் அந்த ஒரு ராத்திரிக்குப் பெண்டாட்டியைச் சாகடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் முன்பக்கத்திலிருந்து ஒரு கைக்குழந்தை கத்துவது கேட்டது. இத்தனை பாடும் வீணாகிவிடுமே. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, அந்த அம்மாள் காதில் விழாமல் கிசுகிசுத்தார்.

"முன்னாடி ஏதோ குழந்தை அழுது. அங்க தூங்கறவங்க இருக்காங்கம்மா. யாராவது தூக்கி வெச்சுக்கிட்டா என்ன?"

"சொல்றேன் சார்."

கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. "இந்தக் காலத்துப் பெத்தவங்களுக்குப் பொறுப்பே கிடையாது" என்று முனகிக்கொண்டே, நாய்க்குட்டி அலுத்துப்போய்த் திரும்பி வந்த பொடியனைத் தோளில் போட்டுத் முன்பக்கத்தை மறைத்த திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நடந்தால் கண்ணை மூடுவான், நின்றால் திறப்பான். விடிகிற வரைக்கும் நடந்தார். இடுப்பு விட்டுப்போனது. இதைத்தானே அவள் வருஷக்கணக்காய்ச் செய்தாள் என்று நினைத்துக்கொண்டே பொடியனை மறு தோளுக்கு மாற்றினார்.

இறங்கி வெளியே வந்ததும் இரண்டும் "அம்மா" என்று ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டன. பின்னாலேயே வந்த பக்கத்து வரிசை அம்மாள் அப்படியே நின்றுவிட்டார்.

"இது யாரு?"

"என் சம்சாரம்மா."

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு போனார்.

"நல்லாத் தூங்கினியா?" என்று மனைவியைக் கேட்டார் மாஸ்டர்.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேங்க. நீங்கதான் பாவம்" என்றாள் அவள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. பழக்கமில்லாத தூக்கம் இல்லையா, அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். வலிக்கிற முதுகோடு நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தியா? மனசு வெச்சா ஆம்பளையாலயும் முடியும்."

அந்தச் சமயம் ஓர் இளைஞன் மார்பில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு அவர்களிடம் வந்தான். முகம் குளித்துவிட்டு வந்ததுபோல் பளிச்சென்று இருந்தது. மனைவி வேண்டாம் வேண்டாம் என்று அவனிடம் கண்ணைக் காட்டினாள். அவன் அதைக் கவனிக்கவில்லை.

"அக்காவோட வீட்டுக்காரரா சார்? நான் நல்லாத் தூங்கி எழுந்தேன். அக்காதான் பாவம், விடிய விடிய என் பையனைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாங்க, பின்சீட்டுலேருந்து யாரோ ஒரு மகராசன் கம்ப்ளைன்ட் பண்ணப்போய்."